மைடேக்ஸ் போர்ட்டல்: தெரிந்ததைச் சரியாக நிரப்பும், தெரியாததை நீங்கள்தான் சொல்ல வேண்டும்

சிங்கப்பூரில் வருமான வரிக் கணக்கை ஒப்படைக்கும் இணையத்தளமான, உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் மைடேக்ஸ் போர்ட்டல் பெரும்பாலான சம்பளக்காரர்களுக்கு வேலையே வைப்பதில்லை. சேவை என்று பார்த்தால் அதன் முதல் சிறப்பு இது. சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளத்தைக் கொண்டு உள்ளே போனால் சம்பளம், போனஸ், மத்திய சேமநிதிச் (மசே நிதி) சந்தா, தேசியச் சேவையாளர் கழிவு, பதிவான நன்கொடைகள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள முதலாளிகள் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 1க்குள் சம்பள விவரத்தை மின்வழியாக ஆணையத்துக்கு அனுப்பியாக வேண்டும் என்பது சட்டம். அதுதான் இந்த வசதிக்கு அடித்தளம். ஒரு வெள்ளி வரி வசூலிக்க இங்கே ஒரு காசுகூடச் செலவாவதில்லை என்றால், அதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னும் ஒரு படி மேலே ‘படிவம் தேவையில்லை’ என்ற திட்டம் இருக்கிறது. ஆணையமே தேர்ந்தெடுத்து, “உங்கள் கணக்கு எங்களிடம் இருக்கிறது, நீங்கள் ஒப்படைக்க வேண்டாம்” என்று சொல்லிவிடும். எவ்வளவு வரி என்று சொல்லும் மதிப்பீட்டு அறிவிப்பு நேராக வந்துசேரும்.

சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். நிரம்பிய பக்கத்தைப் பார்த்தால் யாரோ சரிபார்த்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அதில் இருப்பவை இரண்டே வகைத் தகவல்கள்: பிறர் உங்களைப் பற்றி அனுப்பியவை, சென்ற ஆண்டு நீங்களே சொன்னவை. இரண்டிலும் சேராத வருமானத்தைத் தளம் தேடிப் பிடிக்காது. சென்ற ஆண்டு பொருந்திய கழிவு இந்த ஆண்டும் பொருந்துகிறதா என்றும் பெரும்பாலும் கேட்காது. ஆனால் கணக்கு தவறானால் பொறுப்பு உங்களுடையது. கவனக்குறைவால் வரி குறைந்தாலே, குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வேண்டுமென்றே ஏய்த்தால் நான்கு மடங்கு வரை.

தானாக வராதவை

சிராங்கூன் சாலைப் பக்கம் மூன்று நான்கு பேர் வேலை செய்யும் கடை, உணவகம், தையலகம் எத்தனையோ உண்டு. ஐந்து பேருக்குக் குறைவாக இருப்பதால் அந்த முதலாளி மின்வழியாக அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் உங்கள் கையில் ஆண்டுச் சம்பள விவரம் அடங்கிய ஐஆர்8ஏ படிவத்தைக் கொடுப்பார், அந்த எண்களை நீங்கள்தான் தளத்தில் எழுத வேண்டும். சம்பளக் கட்டத்தில் ஒன்றும் இல்லாததைப் பார்த்து “வரி இல்லை போலிருக்கிறது” என்று ஒப்படைத்துவிடுவது வழக்கமான தவறு. ஆண்டின் நடுவில் வேலை மாறியவர்கள் இரண்டு முதலாளிகளின் பெயரும் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தமிழ்த் துணைப்பாட வகுப்பு எடுப்பவர்களுக்கு அது தொழில் வருமானம். முழுநேர ஆசிரியர் மாலையில் நான்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாலும் அப்படித்தான். ஆண்டு வரவு 200,000 வெள்ளிக்குக் குறைவாக இருந்தால் தளம் இரண்டே எண்கள் கேட்கும்: மொத்த வரவு, செலவு போக மிச்சம். அதற்கு மேல் போனால் நான்கு எண்கள். கழிக்கத் தகுந்தவை நகலெடுத்த செலவு, பயிற்சி நூல்கள், மாணவர் வீட்டுக்குப் போய்வந்த பேருந்து, டாக்சிக் கட்டணம் போன்றவை. சொந்தக் காரின் பெட்ரோலும் பார்க்கிங்கும் வகுப்புக்காகவே ஆனாலும் கழிக்க முடியாது, இது பலருக்குத் தெரிவதில்லை. செலவு போக ஆண்டுக்கு 6,000 வெள்ளிக்கு மேல் நின்றால் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவுக்குச் சந்தா கட்டச் சொல்லித் தனியாக ஓர் அறிவிப்பும் வரும்.

டாக்சி, தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கு இந்தப் பகுதி நன்றாகவே அமைந்திருக்கிறது. மொத்த வரவில் 60 விழுக்காட்டைச் செலவாக அப்படியே கழித்துக்கொள்ளலாம், ரசீதுக் கட்டு தேவையில்லை. காப்புறுதி, சொத்து முகவர்களுக்கு ஆண்டுத் தரகு 50,000 வெள்ளியைத் தாண்டாதவரை 25 விழுக்காடு.

அடுத்து வாடகை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஓர் அறையை மாதம் 900 வெள்ளிக்கு விட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஆண்டுக்கு 10,800. அதில் 15 விழுக்காட்டை, அதாவது 1,620 வெள்ளியை, செலவு என்று கேள்வி இல்லாமல் ஏற்றுக்கொள்கிறார்கள். மிச்சம் 9,180. வீட்டுக் கடன் வட்டியை இதற்கு மேல் தனியாகக் கழிக்கலாம், ஆனால் வாடகைக்கு விட்ட பகுதிக்கு உரிய பங்கு மட்டுமே. அசல் தவணை கணக்கில் வராது. புதிதாக வாங்கிப் போட்ட கட்டிலும் குளிர்சாதனமும் கழிவில் சேராது. வீடு இருவர் பெயரில் இருந்தால் சட்டப்படி யாருக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு வாடகை அவரவர் கணக்கில் வர வேண்டும். மனைவிக்கு வருமானம் இல்லை என்பதற்காக முழு வாடகையையும் அவர் பெயரில் போட இயலாது. ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை வசூலிப்பதும் இதே ஆணையம்தான் என்பதை நினைவில் வைத்தால், வாடகைக் கட்டத்தைக் காலியாக விடக் கை வராது.

ஒரு கணக்கை விரித்துப் பார்த்தால்

தளம் கழிவுகளைச் சுருக்கிக் காட்டுவதால் எது எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. 2025ஆம் மதிப்பீட்டாண்டுக்கு, அதாவது 2024இல் சம்பாதித்ததற்கு, ஓர் உதாரணம். நாற்பது வயதுக் குடிமகன், மாதச் சம்பளம் 6,000, போனஸ் இல்லை. மனைவி வேலைக்குப் போகவில்லை, ஒரு பிள்ளை, தாயார் உடன் வசிக்கிறார். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று தேசியச் சேவையாளர் கழிவைச் சேர்க்கவில்லை.

ஆண்டு வருமானம் 72,000. சம்பளத்தில் மாதா மாதம் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்குப் பிடித்த 9 வெள்ளி ஆண்டுக்கு 108 ஆகிறது. அது அங்கீகரிக்கப்பட்ட நன்கொடை என்பதால் இரண்டரை மடங்காக, 270 வெள்ளியாகக் கழிகிறது. பலர் சம்பளச் சீட்டில் அந்தத் தொகையைப் பிடித்தமாக மட்டுமே பார்க்கிறார்கள். பிறகு மசே நிதிக்கு 14,400, சம்பாதிப்பவருக்கான அடிப்படைக் கழிவு 1,000, மனைவிக்கு 2,000, பிள்ளைக்கு 4,000. வரி விதிக்கத்தக்க தொகை 50,330 வெள்ளி. முதல் 40,000க்கு 550 வெள்ளி வரி, அடுத்துள்ள 10,330க்கு 7 விழுக்காடு என்றால் 723.10. ஆக 1,273.10 வெள்ளி.

இந்த 1,273 வெள்ளிக் கணக்கில் தாயார் இல்லை. பெற்றோர் கழிவை முதல் முறை நீங்களாகப் போய்ச் சேர்த்தால்தான் அது வரும். உடன் வசிக்கும் தாய்க்கு 9,000 வெள்ளி. சேர்த்தால் வரி 643.10க்கு இறங்குகிறது: 630 வெள்ளி மிச்சம், செலவு சில சொடுக்குகள். அந்த ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட தள்ளுபடி வரியில் 60 விழுக்காடு, ஆனால் உச்சவரம்பு 200. ஆகவே இவர் கடைசியில் கட்டுவது 443.10. தள்ளுபடிக்கு விண்ணப்பம் எதுவும் வேண்டாம், தானாகக் கழிந்துவிடும்.

வருமான வரி கண்ணில் படுகிற வரி, அதனால்தான் அதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். இதே குடும்பம் ஜிஎஸ்டி உள்ள பொருள்களுக்கும் சேவைகளுக்கும் வரிக்கு முன்பாக மாதம் 1,500 வெள்ளி செலவழித்தால், 9 விழுக்காட்டில் ஆண்டுக்கு 1,620 வெள்ளி போய்விடும். அதற்கு மதிப்பீட்டு அறிவிப்பும் கிடையாது, ஆட்சேப மனுவும் கிடையாது.

பெற்றோர் கழிவு: அதிகம் தவறும் இடம்

நிபந்தனைகளைத் தளம் சிறிய எழுத்தில் வைத்திருக்கிறது, ஆனால் வைத்திருக்கிறது. பெற்றோருக்கு 55 வயதாகியிருக்க வேண்டும், உடற்குறையுள்ளவர் என்றால் வயது பார்ப்பதில்லை. சிங்கப்பூரில் வசித்திருக்க வேண்டும். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு மாதா மாதம் பணம் அனுப்பினாலும் இந்தக் கழிவு கிடைக்காது, இதில் விதிவிலக்கு தேடுவது வீண். இங்கேயே தனி வீட்டில் இருக்கிறார் என்றால் கழிவு 5,500, அதற்கும் அவருக்காக ஆண்டில் குறைந்தது 2,000 வெள்ளி செலவழித்திருக்க வேண்டும். உடற்குறையுள்ள பெற்றோருக்குத் தொகை கூடும்: உடன் வசித்தால் 14,000, தனியே இருந்தால் 10,000. ஒருவர் அதிகபட்சம் இரண்டு பேருக்குக் கேட்கலாம், மாமனார் மாமியாரும் இதில் அடக்கம்.

வருமான வரம்புதான் நுணுக்கமானது. 2025ஆம் மதிப்பீட்டாண்டு முதல் அது 4,000இலிருந்து 8,000 வெள்ளியாக உயர்ந்துவிட்டது. முன்பு வங்கி வட்டியாலோ சிறு வேலையாலோ தகுதி இழந்தவர்கள் இப்போது திரும்பப் பார்ப்பது நல்லது, தளம் நினைவூட்டாது. இந்த 8,000இல் வரி இல்லாத வருமானமும் சேரும்: வைப்பு வட்டி, ஈவுத்தொகை, ஓய்வூதியம், வெளிநாட்டு வருமானம் எல்லாம். தஞ்சாவூரில் உள்ள வீட்டிலிருந்து அம்மாவுக்கு வரும் வாடகைக்கு இங்கே வரி கிடையாது, ஆனால் மகனின் கழிவைத் தீர்மானிக்கும்போது அது எண்ணப்படும்.

உடன்பிறப்புகள் பகிர்ந்துகொள்ளலாம். விழுக்காட்டை நீங்களே பேசி முடிவு செய்து, ஒவ்வொருவரும் தங்கள் கணக்கில் ஒத்த எண்ணைப் போட வேண்டும். அண்ணன் 60, தங்கை 60 என்று போட்டால் கேள்வி வரும், வரும்போது யாரும் நிம்மதியாக இருக்க மாட்டார்கள். இன்னொரு மோதல்: அப்பா தம் மனைவிக்கான கழிவாக 2,000 வெள்ளி கேட்டிருந்தால், அதே அம்மாவுக்கு மகன் பெற்றோர் கழிவு கேட்க முடியாது. அப்பாவின் 2,000 வெள்ளிக் கழிவால் மகனுடைய 9,000 போய்விடுவது குடும்பக் கணக்கில் நஷ்டமே. ஏப்ரலுக்கு முன்பே சாப்பாட்டு மேசையில் பேசி முடிக்க வேண்டிய விஷயம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒருமுறை சேர்த்த கழிவு அடுத்த ஆண்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அம்மா ஊருக்கே திரும்பிவிட்டார், பிள்ளை படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்றால் நீங்களே எடுத்துவிட வேண்டும். ‘படிவம் தேவையில்லை’ திட்டத்தில் இருப்பவர்கள் உள்ளே போகவே மாட்டார்கள் என்பதால் இந்தத் தவறு அவர்களிடம்தான் அதிகம் நேரும். அந்தத் திட்டத்தின் பெரிய குறை என்று நான் சொல்வது இதைத்தான்.

உச்சவரம்பும் எக்செல் கோப்பும்

எல்லாக் கழிவுகளும் சேர்ந்து ஆண்டுக்கு 80,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தளம் 80,000இல் நிறுத்திவிடும். சம்பளம் அதிகமுள்ள, இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள தாய்மார்களை இது தொடும். வேலை செய்யும் தாய்மாருக்கான பிள்ளைக் கழிவு, 2024க்கு முன் பிறந்த பிள்ளைகளுக்கு அவரது சம்பாத்தியத்தில் 15, 20, 25 விழுக்காடு என்று ஏறும். மூன்று பிள்ளைகள் என்றால் அதுவே 60 விழுக்காடு. 2024 முதல் பிறந்தவர்களுக்கு நிலையான தொகை: 8,000, 10,000, 12,000.

வரம்பைத் தொட்டுவிட்ட பிறகு வரியைக் குறைக்கலாம் என்று எஸ்ஆர்எஸ் என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் 15,300 வெள்ளி போட்டால், பணம் பூட்டிக்கொள்ளும், கழிவு ஒரு காசும் வராது. மசே நிதியில் ரொக்கமாக நிரப்பும் 8,000க்கும் அதே கதை. இதைக் கணக்குப் பார்க்க வேண்டிய காலம் டிசம்பர் 31க்கு முன். ஆனால் தளத்தில் ஒப்படைக்கும் பகுதி திறப்பது மார்ச்சில். இடையில் உதவுவது ஆணையம் வெளியிடும் எக்செல் கணிப்பான் கோப்பு. அது சரியாகத்தான் கணக்கிடுகிறது, ஆனால் உங்கள் தரவு எதுவும் அதில் இருக்காது, எல்லாவற்றையும் கையால் நிரப்ப வேண்டும். சிங்பாஸில் இவ்வளவு தகவல் வைத்திருக்கும் ஒரு நாட்டில் இது கொஞ்சம் பழைய பாணி.

காலாவதியான கழிவுகளைத் தேடி நேரம் வீணாக்க வேண்டாம். பணிப்பெண் தீர்வைக் கழிவு இப்போது இல்லை. படிப்புக் கட்டணக் கழிவு 2026ஆம் மதிப்பீட்டாண்டிலிருந்து இல்லை. ஆயுள் காப்புறுதிக் கழிவு இருக்கிறது, ஆனால் மசே நிதிச் சந்தா 5,000ஐத் தாண்டிய சம்பளக்காரருக்கு அது பூஜ்யம்தான்.

வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு

இங்கே கேள்வி ஒன்றுதான்: ஆண்டில் 183 நாள் இங்கே இருந்து, வரிக் கணக்கில் ‘வாசி’ ஆகிறீர்களா? 61 முதல் 182 நாள் வரை இருந்தால் சம்பளத்துக்கு 15 விழுக்காடு அல்லது வாசிகளின் விகிதம், எது அதிகமோ அது. தனிநபர் கழிவுகளும் இல்லை. ஐந்து மாதத்தில் 24,000 வெள்ளி சம்பாதித்தவர் வாசியாகக் கணக்கிடப்பட்டால், 1,000 கழிந்து, 20,000க்கு மேலுள்ள 3,000க்கு 2 விழுக்காடு, ஆக 60 வெள்ளி கட்டுவார். வாசி இல்லை என்றால் 3,600. ஆகஸ்டில் வந்து அடுத்த ஆண்டும் இடைவிடாமல் வேலையைத் தொடர்பவருக்கு, இரண்டு ஆண்டும் சேர்ந்து 183 நாள் ஆனாலே இரண்டுக்கும் வாசி என்ற சலுகை உண்டு.

ஓராண்டு அனுமதி அட்டை இருந்தால் தொடக்கத்தில் வாசி என்றே எடுத்துக்கொள்வார்கள். சில மாதங்களிலேயே வேலையை விட்டுப் போனால் கணக்கு திரும்பிவிடும். முதலாளி குறைந்தது ஒரு மாதத்துக்கு முன், வரிக் கணக்கை முடிப்பதற்கான ஐஆர்21 படிவத்தை ஆணையத்துக்குக் கொடுத்து, தரவேண்டிய எல்லாப் பணத்தையும் நிறுத்திவைக்க வேண்டும். கடைசிச் சம்பளத்தை நம்பி விமானச் சீட்டுக்குக் கடன் வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

ஒப்படைத்த பிறகு

தவறைக் கண்டுபிடித்தால் முதல் ஒப்படைப்பிலிருந்து 7 நாளுக்குள், ஏப்ரல் 18ஐத் தாண்டாமல், திருத்தி மீண்டும் ஒப்படைக்கலாம். ஏப்ரல் 17 இரவு ஒப்படைப்பவருக்கு அந்த ஏழு நாள் கிடையாது. பிறகு மதிப்பீட்டு அறிவிப்பு வரும்வரை காத்திருந்து, அதன் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஆட்சேபம் எழுப்பலாம், தளத்திலேயே அதற்குத் தனிப் பகுதி உண்டு. ஆட்சேபம் நிலுவையில் இருந்தாலும் வரியை ஒரு மாதத்துக்குள் கட்டியாக வேண்டும், அதிகம் கட்டியது பிறகு திரும்பி வரும். தவணை தவறினால் உடனே 5 விழுக்காடு அபராதம், கட்டாமலே இருந்தால் மாதத்துக்கு 1 விழுக்காடு வீதம் 12 வரை கூடும்.

வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஜைரோ போட்டுவைத்தால் வட்டியில்லாமல் 12 மாதத் தவணை வரை கிடைக்கும். இந்தச் சேவையின் சிறந்த அம்சம் இதுதான் என்பது என் எண்ணம். வங்கியிலிருந்து பணம் பிடிக்கும் நாள் மாதத்தின் 6ஆம் தேதி. சம்பளம் 7ஆம் தேதி வருபவர்கள் முந்தைய மாதமே இருப்பு வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பிடித்தம் தோற்கும். ஜைரோ வேண்டாம் என்றால் பேநவ் கியூஆர் போதும்.

மொழியைப் பொறுத்தவரை தளம் ஆங்கிலத்தில்தான். வாடகை மட்டுமே வருமானமாக உள்ள முதியவர்களுக்கு யாராவது பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும். அப்படி உட்காருபவர் அவர்களின் சிங்பாஸ் கடவுச்சொல்லை வாங்கிவைத்துக்கொள்வது சரியல்ல, திரையைப் படித்துச் சொல்லி அவர்களையே அழுத்தச் சொல்வது மேல். அரசாங்கக் குறுஞ்செய்திகள் 2024 ஜூலை முதல் ‘ஜிஓவி.எஸ்ஜி’ என்ற ஒரே அனுப்புநர் பெயரில்தான் வருகின்றன. “வரி திரும்பக் கிடைக்கும், இந்த இணைப்பை அழுத்துங்கள்” என்று வேறு பெயரில் எது வந்தாலும் அழித்துவிடலாம்.

பழைய ஆண்டில் எதையாவது விட்டுவிட்டது இப்போது தெரியவந்தால், ஆணையம் கேட்பதற்கு முன் நீங்களே சொல்வதற்கு வழி உண்டு. ஒப்படைப்புக் காலக்கெடுவிலிருந்து ஓராண்டுக்குள் முழு விவரத்தோடு சொன்னால் அபராதம் இல்லை. அதற்குப் பிறகு தாமதமான ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்த வரியில் 5 விழுக்காடு. ஒப்பந்தம், ரசீது, ஐஆர்8ஏ நகல் எல்லாவற்றையும் ஐந்து ஆண்டுகள் பத்திரமாக வைத்திருங்கள், கேள்வி வந்தால் முதலில் கேட்கப்படுவது அவைதான்.